எந்த நாளிலிருந்து எண்ணுவது?

முல்லைப் பெரியாறு குத்தகை கையெழுத்தானது 1886 அக்டோபர் 29. ஆனால் 999 ஆண்டுக் கணக்கு அந்த ஜனவரி 1-லிருந்தே தொடங்குகிறது. முடிவு 2884 டிசம்பர் 31. கையெழுத்து நாளிலிருந்து எண்ணினால் பத்து மாதம் தள்ளிப்போகும்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகம் 14,707 ஏக்கர். ஜூன் 1-ல் திறந்து 120 நாள் தண்ணீர் என்றால் செப்டம்பர் 28 வரை. மழை பொய்த்துத் திறப்பு பத்து நாள் தள்ளினால், கடைசி நாளும் அக்டோபர் 8-க்குத் தள்ள வேண்டும். கடைமடையில் கதிர் முற்றுவது அந்தப் பத்து நாளில்தான்.

1974-ல் ஐ.பி.எம்.மின் சேம்பர்லினும் பாய்ஸும் அறிமுகப்படுத்திய மொழியே இன்றைய எஸ்.க்யூ.எல். அதில் 'செப்டம்பர் 28' என்று எழுதி வைத்தால் மறுவருடமே பட்டியல் பொய்யாகும். 'திறந்த தேதியோடு 120 நாள் கூட்டு, இன்றைய தேதியோடு ஒப்பிடு' என்றால் என்றைக்கும் பொருந்தும். முடியும் நாளை விட, எண்ணத் தொடங்கும் நாளைத்தான் கவனமாக எழுத வேண்டும் என்பேன் நான்.