மூன்றில் ஒன்று

பொதுத்தொண்டு என்றாலே தன்னை முற்றாக மறத்தல் என்று பொருள் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அறம் செய்பவர் அனைத்தையும் அள்ளிக் கொடுத்துவிட வேண்டும்; பொதுச்சொத்தைப் பேணுபவர் அதில் ஒரு காசும் தொடலாகாது என எதிர்பார்க்கிறோம். ஆயினும் இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் நாம் காண்பது வேறொரு நெறி. தனிமனிதத் தேவைக்கு அளவு குறித்து இடம் தந்து, அந்த அளவையே பொதுநலத்தின் வேலியாகவும் ஆக்கிய நெறி அது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு (கி.பி. 632) இறுதி ஹஜ்ஜின்போது ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) மக்காவில் கடும் நோயுற்றார். செல்வம் மிக்க அவருக்கு அப்போது பிள்ளையென இருந்தவர் ஒரே மகள். நலம் விசாரிக்க வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம், தம் செல்வத்தில் மூன்றில் இரு பங்கை அறத்துக்கு அளிக்க இசைவு வேண்டினார். இசைவு கிடைக்கவில்லை. பாதிக்கும் கிடைக்கவில்லை. மூன்றில் ஒன்றுக்கே கிடைத்தது. அதுவும் மிகுதியே என்ற குறிப்புடன். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதினும் தன்னிறைவுடன் விட்டுச்செல்வதே மேல் என்பது நபிகளார் தந்த விளக்கம். மனைவிக்கு ஊட்டும் கவளத்துக்கும் நற்கூலி உண்டு என்றும் அவர்கள் சேர்த்துரைத்தார்கள். வஸிய்யத் என்னும் மரண சாசனம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்ற சட்டத்துக்கு இந்நிகழ்ச்சியே அடிப்படையாயிற்று. ஸஅத் (ரலி) நோயினின்று மீண்டார். பின்னாளில் காதிஸிய்யாப் போரில் படைநடத்தினார். கூஃபா நகரை நிறுவினார்.

கொடுப்பவருக்கு எல்லை வகுக்கப்பட்டது போன்றே பொறுப்பேற்பவருக்கும் வகுக்கப்பட்டது. துணி வணிகரான அபூபக்ர் (ரலி), 632இல் கலீஃபாவான பின்னும் வணிகம் செய்யச் சந்தைக்குப் புறப்பட்டார். குடும்பத்துக்கு வேறு வழி இல்லை. ஆட்சியும் வணிகமும் ஒருவர் கையில் இருப்பது தகாது எனக் கண்ட தோழர்கள், பைத்துல்மாலிலிருந்து அவருக்குப் படி ஒதுக்கினர். அவர் அதை ஏற்றார்; இழிவாகக் கருதவில்லை. 634இல் மரணத் தறுவாயிலோ, பொறுப்பேற்றபின் தம்மிடம் மிகுந்திருந்தவற்றை அடுத்த கலீஃபாவிடம் சேர்ப்பிக்கப் பணித்தார். தேவைக்குப் பெற்றது உரிமை, மிஞ்சியது மக்களுடையது.

இதே அளவுகோலை வக்ஃபிலும் காண்கிறோம். கைபரில் கிடைத்த அருமையான நிலத்தை என்ன செய்வது என உமர் (ரலி) வினவியபோது, மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலை அறமாக்குமாறு நபிகளார் வழிகாட்டினார்கள். அந்நிலத்தை விற்கவோ வழங்கவோ வாரிசாகப் பெறவோ இயலாது. பயன்பெறுவோர் வரிசையில் ஏழைகள், வழிப்போக்கர், விருந்தினர் ஆகியோரோடு உறவினரும் இருந்தனர். நிலத்தைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், செல்வம் சேர்க்கலாகாது. முத்தவல்லியின் வயிற்றை மறவாமலும் அவரது பேராசைக்கு இடம் தராமலும் அமைந்த நிபந்தனை இது.

உறவினர் நலமும் அறமாகுமா என்ற வினா நெடுங்காலத்துக்குப்பின் இந்தியாவில் வழக்காயிற்று. வங்காளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், சந்ததியினருக்கு முதன்மை தந்து ஏழைகளின் பங்கை எட்டாத எதிர்காலத்துக்குத் தள்ளிய குடும்ப வக்ஃபு செல்லாது என 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. மௌலானா ஷிப்லி நுஃமானி போன்றோர் இதற்கெதிராகக் கருத்துத் திரட்டினர். முஹம்மது அலீ ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913இல் சட்டமாயிற்று. குடும்பத்தைப் பேணுவதும் அறமே என்பதை அது ஏற்றது. எனினும் இறுதிப் பயன் ஏழைகளுக்கோ நிலையான அறப்பணிக்கோ சேர வேண்டும் என்றது.

இவ்வமைப்பு தவறாகக் கையாளப்பட்டதையும் நாம் மறைக்கலாகாது. மகள்களுக்கு உரிய பங்கை மறுக்கக் குடும்ப வக்ஃபைக் கருவியாக்கியோர் பல நாடுகளில் இருந்தனர். சிரியா 1949இலும் எகிப்து 1952இலும் அதை ஒழித்தன. மூன்றில் ஒன்று என்ற வரம்பு முதலில் காத்தது ஒரு மகளின் பங்கை என்பதை எண்ணிப் பார்த்தால், இம்முறைகேடு எவ்வளவு தூரம் விலகிச் சென்றது என்பது விளங்கும்.

இன்று மதரஸா ஆசிரியருக்கும் பள்ளிவாசல் இமாமுக்கும் தியாகத்தை நினைவூட்டிச் சொற்ப ஊதியம் தருவோர், அபூபக்ர் (ரலி) பெற்ற படியை மறந்துவிடுகின்றனர். பொதுச்சொத்தை வீட்டுச்சொத்தாக எண்ணுவோரோ அவர் திருப்பியளித்ததை மறந்துவிடுகின்றனர். அந்த வரலாற்றின் இரு பாதிகளையும் சேர்த்துப் படிப்பதே நமக்கு நலம் பயக்கும்.