முதியது மேலே, இளையது கீழே

அடுக்காய்ப் படிந்த பாறைகளில் கீழிருப்பது முதியது, மேலிருப்பது இளையது என்பது நிலவியலின் அரிச்சுவடி. ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டில் அந்த அரிச்சுவடியே பிழைத்துப்போனது. அதை ஒப்புக்கொள்ள அறிவுலகம் கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது ஏன் என்பதே நாம் இங்குக் காண விழைவது.

1854-இல் சுங்கத்துறை ஊழியரான சார்லஸ் பீச், டர்னெஸ் பகுதிச் சுண்ணாம்புப் பாறையில் தொல்லுயிர்ப் படிவங்களைக் கண்டெடுத்தார். அச்சுண்ணாம்பின்மீது இலை இலையாய்ப் பிளவுபடும் உருமாறிய பாறை கிடந்தது. மேலே கிடப்பதால் அது பின்னால் படிந்ததே என்றார் ரோடரிக் மர்ச்சிசன். சைலூரியன் என்ற காலப்பகுதிக்குப் பெயர் சூட்டியவர் அவர். 1855 முதல் பிரித்தானிய நிலவியல் அளவைத்துறையின் தலைவர். அபர்டீன் பேராசிரியர் ஜேம்ஸ் நிக்கோல் மறுத்தார்: மேற்பாறை மிகப் பழையது, நிலமுறிவுகளே அதனை இவ்விடத்தில் கொண்டுவந்து சேர்த்தன என்றார். பதவியும் புகழும் மர்ச்சிசன் பக்கம் நின்றன. தம் கருத்து ஏற்கப்படுவதைக் காணாமலே நிக்கோல் 1879-இல் மறைந்தார்.

முன்னர்ப் பள்ளி ஆசிரியராயிருந்த சார்லஸ் லாப்வொர்த், 1882, 1883 ஆண்டுகளில் அந்நிலத்தை அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கினார். பழம்பாறை பக்கவாட்டில் உந்தப்பட்டு, இளம்பாறையின்மீது ஏறி நகர்ந்திருக்கிறது என்று கண்டார். அவ்வுழைப்பு அவர் உடல்நலத்தை முறித்தது. நகரும் பாறைப் பாளம் தம்மீது அரைத்துச் செல்வதாக இரவுகளில் உணர்ந்தார் என்பர். 1883-இல் அளவைத்துறை அனுப்பிய பென் பீச்சும் ஜான் ஹார்னும் அதே முடிவுக்கு வந்தனர். பென், அந்தச் சார்லஸ் பீச்சின் மகன். மர்ச்சிசனின் சீடரும் அப்போதைய தலைவருமான ஆர்ச்சிபால்ட் கீக்கி, நேரில் சென்று பார்த்தபின் 1884-இல் தம் ஆசானின் கொள்கையை வெளிப்படையாகவே கைவிட்டார். பீச்சும் ஹார்னும் துணைவர்களும் எழுதிய பெருநூல் 1907-இல் வெளிவந்தது.

உந்தலின் அடித்தளத்தில் பாறை நசுங்கி, இழுபட்டு, நுண்துகளாய் மாறியிருந்தது. ஆலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'மைலொனைட்' என்று 1885-இல் லாப்வொர்த் பெயரிட்டார். அம்மலைநாட்டின் தென்கிழக்கே ஜார்ஜ் பாரோ 1893-இல் தொடங்கி 1912-இல் விரித்த ஆய்வு மற்றொரு வாயிலைத் திறந்தது. ஒரே களிமண் படிவு, வெப்பமும் அழுத்தமும் ஏற ஏற, முதலில் குளோரைட், பிறகு பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், இறுதியில் சில்லிமனைட் என்று வரிசையாய்க் கனிமங்களைப் பிறப்பிக்கிறது. ஆகவே பாறையிலுள்ள கனிமமே அது பட்ட சூட்டின் அளவுகோல்.

ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதியபோது இவ்வுந்தல் நிகழ்ந்தது என்று இன்று அறிகிறோம். நாக்கன் பாறைமுகத்தில் கைவைத்தால், 90 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறை மேலேயும், ஏறத்தாழ 50 கோடி ஆண்டுப் பாறை கீழேயும் இருக்கும். மர்ச்சிசனும் இதே அடுக்கைத்தான் கண்டார். மேலே கிடப்பதைக் கண்டவர், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்ட நிக்கோலுக்கோ செவிசாய்ப்பார் இல்லை. மலை தன் சான்றை ஒருபோதும் மறைக்கவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்வது நன்று.