மலை பக்கத்திலேயே இருந்தது



2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். பாடசாலை விடுமுறையும்கூட. எங்கள் கிழக்குக் கரையோரத்தில் கடல் புகுந்தபோது வகுப்புகள் நடக்கவில்லை. நடந்திருந்தால்? அந்தக் கேள்வியோடு யப்பானில் நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.46க்குப் பூமி அதிர்ந்தது. இஷினோமாகி நகரின் ஒகாவா ஆரம்பப் பாடசாலை, கித்தகாமி ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து சுமார் 4 கிலோமீற்றர் உள்ளே இருந்தது. அதிபர் அன்று லீவு. பிள்ளைகளை மைதானத்தில் ஒன்றுசேர்த்த ஆசிரியர்கள், எங்கே போவது என்று முடிவெடுக்க முடியாமல் நின்றார்கள். பாடசாலைக்குப் பின்னாலேயே மலை. ஆனால் அனர்த்தக் கைநூலில் அடுத்த ஒதுங்குமிடமாக எழுதியிருந்தது, அருகிலுள்ள வெற்றுக்காணி அல்லது பூங்கா என்பது மட்டும்தான். எந்தக் காணி, எந்தப் பூங்கா என்று அதில் இல்லை.

கிட்டத்தட்ட 50 நிமிடங்கள் கழிந்து, பாலத்தடி மேட்டை நோக்கிப் புறப்பட்ட சற்று நேரத்தில் அலை வந்துவிட்டது. 74 பிள்ளைகள் பலியானார்கள், காணாமற் போனார்கள். அங்கிருந்த 11 ஆசிரியர்களில் 10 பேரும் போய்விட்டார்கள்.

அவர்களில் 23 பிள்ளைகளின் குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2016இல் செண்டாய் மாவட்ட நீதிமன்றம், அன்று களத்தில் நின்ற ஆசிரியர்களிடம் தவறு கண்டது. 2018இல் மேல் நீதிமன்றம் அதற்கும் முன்னே போய்ப் பார்த்தது. அனர்த்தத்துக்கு முன்பே கைநூலைத் திருத்தியிருக்க வேண்டியது அதிபரும் பாடசாலை முகாமைத்துவமும். அதைச் சரிபார்த்திருக்க வேண்டியது நகரக் கல்விச் சபை என்றது. ஆபத்து வரைபடத்தில் பாடசாலை சுனாமி வலயத்துக்கு வெளியே இருந்தது என்ற வாதம் எடுபடவில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் மேன்முறையீட்டை நிராகரித்தது.

ஆசிரியர்களாகிய நாம் இதை ஆறுதலுக்காக வாசிக்கக் கூடாது. அந்தப் பத்துப் பேரும் கடமை தவறி ஓடியவர்கள் அல்ல, பிள்ளைகளோடேயே நின்றவர்கள். அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு தெளிவான முடிவு கொடுக்கப்படவில்லை. பிள்ளையின் பாதுகாப்பும் ஆசிரியரின் பாதுகாப்பும் ஒரே கைநூலில்தான் இருக்கின்றன.

ஆகவே அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், மூன்று கேள்விகளை மரியாதையோடு கேட்போம். நமது பாடசாலையின் அனர்த்தத் திட்டத்தில் ஒதுங்குமிடம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா? அங்கே பிள்ளைகளோடு ஒருதடவையாவது நடந்து பார்த்தோமா? அதிபர் லீவில் நிற்கும் நாளில் முடிவு யாருடையது?

பதில் இல்லாவிட்டால், கேட்டதோடு விடாமல் எழுதி முடிக்கும்வரை கூட நிற்போம்.