மேக்கில் டிரிம்: ஒரு பெயர்ப் பூட்டின் கதை

லேப்டாப்ல ஒரு ஃபைலை டிலீட் பண்றோம், டிராஷையும் காலி பண்றோம். அந்த ஃபைல் போயிடுச்சுன்னு நமக்குத் தெரியும், ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் தெரியும். ஆனா அந்த ஃபைல் உட்கார்ந்திருந்த டிஸ்க்குக்குத் தெரியுமா? ரொம்ப காலத்துக்குத் தெரியாது. அதைத் தெரியப்படுத்துற ஒரு சின்னக் கட்டளைக்குப் பேர்தான் டிரிம். இந்த எபிசோட் அந்தக் கட்டளையைப் பத்தினது. சரியா சொன்னா, தங்களோட சொந்தக் கம்ப்யூட்டர்ல அதை ஆன் பண்றதுக்கு மேக் வச்சிருந்தவங்க நாலு வருஷம் என்ன பாடுபட்டாங்கங்கிறதைப் பத்தினது.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போகலாம். 1956-ல ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்ல இருந்து ஒரு பழக்கம் தொடர்ந்து வந்தது. டிஸ்க்ல ஒரு இடத்துல இருக்கிற தகவல் வேண்டாம்னா, அதை அழிக்க வேண்டிய அவசியமே இல்ல. அதே இடத்துல புதுசா எழுதிட்டாப் போதும், பழசு தானா மறைஞ்சிடும். அதனால ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒரு ஃபைலை நீக்கும்போது தன் கணக்குப் புத்தகத்துல மட்டும் "இந்த இடம் காலி"ன்னு குறிச்சுக்கும். டிஸ்க்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாது. சொல்லாம இருந்ததால ஒரு நஷ்டமும் இல்ல.

ஃபிளாஷ் மெமரி வந்த பிறகுதான் இந்த மௌனம் ஒரு பிரச்சினையா மாறுது. தோஷிபா கம்பெனியில வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984-ல ஃபிளாஷ் மெமரியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். இன்னிக்கு நம்ம ஃபோன்லயும் எஸ்எஸ்டியிலயும் இருக்கிற நான்ட் வகை 1987-ல வந்தது. ஒரு பெரிய பகுதியை ஒரே அடியில அழிக்கிற விதம், கேமரா ஃபிளாஷை ஞாபகப்படுத்துச்சுன்னு கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் வச்ச பேர்தான் ஃபிளாஷ்.

அந்தப் பேர்லயே சிக்கலும் இருக்கு. இந்த மெமரியில எழுதுறது சின்னச் சின்னப் பக்கமா நடக்கும். அழிக்கிறது மட்டும் நூத்துக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு முழு பிளாக்காத்தான் நடக்கும். எழுதின பக்கத்து மேலேயே மறுபடி எழுத முடியாது. வகுப்பறைக் கரும்பலகையை நினைச்சுப் பாருங்க. ஒரு வரியை மட்டும் துடைக்க முடியாது, துடைச்சா முழுப் பலகையும் போயிடும்னு ஒரு விதி இருந்தா என்ன பண்ணுவோம்? வேணும்கிற வரிகளை எல்லாம் வேற பலகைக்குக் காப்பி பண்ணிட்டு, அப்புறம் இதைத் துடைப்போம். எஸ்எஸ்டிக்குள்ள இருக்கிற கன்ட்ரோலர் சிப் ராத்திரி பகலா இந்த வேலையைத்தான் செய்யுது.

இப்போ அந்தப் பலகையில பாதி வரிகள் யாருக்குமே வேண்டாத வரிகள்னு வச்சுக்கோங்க. நீங்க போன மாசமே டிலீட் பண்ணின சினிமா அது. ஆனா கன்ட்ரோலருக்கு யாரும் சொல்லலையே. அதனால அந்தக் குப்பையையும் பத்திரமா காப்பி பண்ணிக்கிட்டே இருக்கும். எழுத எழுத ஃபிளாஷ் தேயும். ஒவ்வொரு பிளாக்கையும் இத்தனை தடவைதான் அழிக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு. ஆக, தேவையில்லாத காப்பியால ரெண்டு நஷ்டம்: வேகம் குறையும், ஆயுளும் குறையும்.

டிரிம் இந்த இடத்துலதான் வருது. "இந்த இந்த இடத்துல இருக்கிறது இனிமே வேண்டாம்"னு ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிஸ்க்கிட்ட சொல்ற கட்டளை. டிஸ்க்குகளுக்கான விதிமுறையை எழுதுற டி13 குழுவுல 2007-ல இதுக்கான பேச்சு ஆரம்பிச்சது. 2009 அக்டோபர்ல வெளியான விண்டோஸ் 7-ல டிரிம் கூடவே வந்தது. லினக்ஸ் கர்னல்ல 2010 பிப்ரவரியில வந்த 2.6.33 பதிப்புல சேர்ந்தது. விண்டோஸ் எந்தக் கம்பெனி டிஸ்க்குன்னு கேட்கல. "உனக்கு டிரிம் தெரியுமா?"ன்னு டிஸ்க்கையே கேட்டுச்சு. தெரியும்னு டிஸ்க் சொன்னா அனுப்பிச்சது. அவ்வளவுதான்.

ஆப்பிள் வேற வழியில போச்சு

எஸ்எஸ்டியை லேப்டாப்ல வச்சு வித்ததுல ஆப்பிள் பின்தங்கல. 2008 ஜனவரியில முதல் மேக்புக் ஏர் வந்தப்பவே 64 ஜிபி எஸ்எஸ்டி வச்ச மாடல் இருந்தது. சாதாரண மாடல் 1,799 டாலர். எஸ்எஸ்டியும் கொஞ்சம் வேகமான ப்ராசஸரும் சேர்ந்த மாடல் 3,098 டாலர். 2010 அக்டோபர்ல வந்த ஏர்ல ஹார்ட் டிஸ்க்கே கிடையாது, முழுக்க ஃபிளாஷ்தான்.

ஆனா மேக்ல டிரிம் வர 2011 ஆச்சு. ஸ்னோ லெப்பர்டோட கடைசி அப்டேட்டான 10.6.8, அப்புறம் ஜூலையில வந்த லயன், ரெண்டுலயும் டிரிம் இருந்தது. ஒரு நிபந்தனையோட. ஆப்பிள் தானே மாட்டி வித்த எஸ்எஸ்டிக்கு மட்டும்தான் வேலை செய்யும். வெளியில வாங்கி நீங்களே மாட்டின சாம்சங், இன்டெல், க்ரூஷியல் எதுவா இருந்தாலும் சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல போய்ப் பார்த்தா "டிரிம் சப்போர்ட்: நோ"ன்னு காட்டும். அதே டிஸ்க்கைக் கழட்டி விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்ல மாட்டினா டிரிம் ஓடும்.

அப்போ ஆப்பிள் என்னதான் சோதிச்சுப் பார்த்துச்சு? கர்னலுக்குள்ள டிஸ்க்கைக் கவனிக்கிற டிரைவர் ஒண்ணு இருக்கு. அது டிஸ்க்கோட மாடல் பேரைப் படிக்கும். அந்தப் பேர்ல "ஆப்பிள் எஸ்எஸ்டி"ங்கிற சொல் இருந்தா டிரிம் உண்டு, இல்லேன்னா கிடையாது. ஆங்கிலத்துல இடைவெளியையும் சேர்த்து மொத்தம் ஒன்பது எழுத்து. டிஸ்க்கோட தரத்தையோ, அது டிரிம்மை ஒழுங்கா நடத்துமாங்கிறதையோ பார்க்கிற சோதனை இல்ல இது. வாசல்ல நிக்கிற ஆள் அடையாள அட்டையில கம்பெனி பேரை மட்டும் பார்த்து உள்ள விடுற மாதிரி.

பூட்டு இவ்வளவு எளிமையா இருந்தா சாவியும் எளிமையாத்தான் இருக்கும். டிரைவர் ஃபைலைத் திறந்து, அந்த ஒன்பது எழுத்தையும் வெறும் பூஜ்யங்களா மாத்தினாங்க. ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணுமே இல்லாதப்போ எந்தப் பேரும் பொருந்திடும். டெர்மினல்ல ஒட்டுறதுக்கு ஒரு வரிக் கட்டளையா இது பரவிச்சு. டெர்மினல்னா பயப்படுறவங்களுக்காக "டிரிம் எனேப்ளர்"னு ஒரு ஆப் வந்தது. ஒரு ஸ்விட்ச்சைத் தட்டினாப் போதும்.

ஆனா அந்த டிரைவர் ஆப்பிளோட ஃபைல். சிஸ்டம் அப்டேட் வரும்போதெல்லாம் ஆப்பிள் தன் ஒரிஜினல் ஃபைலைத் திருப்பி வச்சிடும். பூட்டு மறுபடி விழுந்திடும், சத்தமில்லாம. எந்த எச்சரிக்கையும் வராது. லேப்டாப் வழக்கம்போல ஓடும், டிரிம் மட்டும் நின்னுபோயிருக்கும். அதனால ஒவ்வொரு அப்கிரேடுக்குப் பிறகும் போய் மறுபடி ஆன் பண்றது ஒரு சடங்கு மாதிரி ஆயிடுச்சு.

யோசெமிட்டியும் சாம்பல் திரையும்

2014 அக்டோபர்ல ஓஎஸ் எக்ஸ் 10.10, அதாவது யோசெமிட்டி வந்ததும் கதை தீவிரமாகுது. கர்னல்ல ஏறுற ஒவ்வொரு டிரைவர்லயும் டிஜிட்டல் கையெழுத்து இருக்கணும்ங்கிற விதி அதுல கட்டாயமாச்சு. அதுக்கு முந்தின மேவரிக்ஸ்ல கையெழுத்து சரியில்லேன்னா எச்சரிக்கை வரும், ஆனா ஓடும். யோசெமிட்டியில ஓடாது.

இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். கர்னலுக்குள்ள நுழையற கெட்ட மென்பொருள் கம்ப்யூட்டர்ல எதையும் செய்யலாம், அதைத் தடுக்கிறது நல்ல பாதுகாப்பு. ஆனா ஒன்பது எழுத்தை மாத்தின டிரைவரும் அதோட பார்வையில கெட்டுப்போன டிரைவர்தான். அது டிஸ்க்கைக் கவனிக்கிற டிரைவர் வேற. அது ஏறலேன்னா சிஸ்டம் தன் சொந்த டிஸ்க்கையே பார்க்க முடியாது. ஆன் பண்ணினா சாம்பல் நிறத் திரை, நடுவுல ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான், அதுக்கு மேல நகராது.

இதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கையெழுத்துச் சோதனையையே நிறுத்துற ஒரு அமைப்பு, டெவலப்பர்களுக்காக ஆப்பிளே வச்சிருந்தது. அதை ஆன் பண்ணினா மாத்தின டிரைவர் ஓடும். ஆனா அது அந்த ஒரு டிரைவருக்கு மட்டும் விலக்கு தர்ற அமைப்பு இல்ல. மொத்த கர்னலுக்கும் காவலை எடுத்துடும். ஒரு ஜன்னலைத் திறக்க முன்வாசல் கதவைக் கழட்டி வைக்கிற மாதிரி.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த அமைப்பு என்விராம்ங்கிற சின்ன நினைவகத்துல இருந்தது. மேக்ல ஏதாவது கோளாறுன்னா முதல்ல சொல்லப்படுற முதலுதவி என்ன? என்விராமை ரீசெட் பண்ணுங்க. பண்ணின உடனே அந்த அமைப்பு அழிஞ்சிடும், சோதனை திரும்ப ஆரம்பிக்கும், மாத்தின டிரைவர் மாட்டிக்கும், சாம்பல் திரை வந்து நிக்கும். டிஸ்க் செத்துப்போச்சுன்னுதான் யாருக்கும் தோணும். நிஜத்துல தகவல் எல்லாம் அப்படியே இருக்கும். ரெக்கவரி மோடுல போய், டெர்மினலைத் திறந்து, அமைப்பைத் திரும்ப எழுதினாலோ ஒரிஜினல் டிரைவரைத் திருப்பி வச்சாலோ சரியாயிடும். ஆனா இது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவங்க முன்னாடி இருந்த பெரிய ஆபத்து, நல்லா இருக்கிற டிஸ்க்கைத் தாங்களே அழிச்சு ஃபார்மேட் பண்ணிடறதுதான்.

ஆப்பிள் பயந்ததுல நியாயம் இருந்ததா?

2015 ஜூன் 30-ஆம் தேதி 10.10.4 வெளியாச்சு. அதுல "டிரிம்ஃபோர்ஸ்"னு ஒரு புதுக் கட்டளை இருந்தது. டெர்மினல்ல அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து இதை ஓட்டினா, எந்தக் கம்பெனி எஸ்எஸ்டியா இருந்தாலும் டிரிம் ஆன் ஆகும். டிரைவரை மாத்த வேண்டாம், கையெழுத்துச் சோதனையை நிறுத்த வேண்டாம். ஆனா ஆன் ஆகுறதுக்கு முன்னாடி ஒரு நீண்ட எச்சரிக்கை வரும். இந்த டிஸ்க்குகள் டிரிம்மோட சேர்த்து சோதிக்கப்படாதவையா இருக்கலாம், தகவல் இழப்பு வரலாம், பொறுப்பு உங்களுடையதுங்கிற மாதிரி. ஒத்துக்கிட்டாத்தான் மேல போகும்.

இதை வெறும் வக்கீல் பேச்சுன்னு தள்ளிவிடலாம். ஆனா அதே ஜூன் மாசம் அல்கோலியாங்கிற தேடல் சேவை நிறுவனம் ஒரு விஷயத்தை வெளியில சொல்லியிருந்தது. அவங்க லினக்ஸ் சர்வர்கள்ல ஃபைல்களோட நடு நடுவுல பூஜ்யங்கள் நிரம்பிக் கிடந்தது. டிரிம் தப்பான இடத்தை அழிக்குதுன்னு தெரிஞ்சது, சந்தேகம் சாம்சங் எஸ்எஸ்டி மேல விழுந்தது. அடுத்த மாசம் சாம்சங் பொறியாளர்கள் தேடிக் கண்டுபிடிச்சப்போ, தப்பு டிஸ்க்ல இல்ல, லினக்ஸ் கர்னல்ல இருந்தது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒண்ணா ஓட்டுற ரெய்டு அமைப்புல டிரிம் கட்டளையைப் பிரிச்சு அனுப்புற இடத்துல ஒரு பிழை. அதே சமயம், வரிசையில நிக்க வச்சு அனுப்புற ஒரு வகை டிரிம்மைச் சில டிஸ்க்குகள் நிஜமாவே ஒழுங்கா நடத்தல. க்ரூஷியல் எம்500 மாதிரி மாடல்களுக்கு அந்த வகையை லினக்ஸ் நிறுத்தியே வச்சிருந்தது.

ஆக, டிரிம்னா "இதை அழிச்சுடலாம்"னு கொடுக்கிற அனுமதி. அந்தப் பேச்சுவார்த்தையில யார் தப்பு பண்ணினாலும் போறது உங்க தகவல். ஆப்பிள் தயங்கினதுல அர்த்தம் இல்லாம இல்ல. என் கேள்வி வேற. டிஸ்க்குல கோளாறுன்னு தெரிஞ்சா லினக்ஸ் அந்த மாடலைப் பேர் சொல்லித் தள்ளி வச்சது, மத்ததை எல்லாம் விட்டது. ஆப்பிள் தன் பேர் இருக்கிறதை மட்டும் விட்டது, மத்ததை எல்லாம் தள்ளி வச்சது. முதல் வழியில காரணம் வெளியில தெரியும். ரெண்டாவதுல நமக்குத் தெரியறது ஒரு "நோ" மட்டும்தான். எச்சரிச்சுட்டு முடிவை நம்மகிட்ட விடுற டிரிம்ஃபோர்ஸ் 2011-லயே வந்திருந்தா, யாரும் கர்னல் ஃபைலைத் தோண்டப் போயிருக்க மாட்டாங்க, காவலை எடுத்து வச்சிருக்க மாட்டாங்க. நியாயமான வாசலை மூடினா ஜனங்க சுவரைத்தான் ஏறுவாங்க.

2015 செப்டம்பர்ல வந்த எல் கேபிடன் சிஸ்டம் ஃபைல்களை இன்னும் இறுக்கமாப் பூட்டிச்சு. நல்லவேளையா அதுக்குள்ள டிரிம்ஃபோர்ஸ் இருந்தது. சாதாரண சாட்டா டிஸ்க்கைக் கழட்டி மாட்டக்கூடிய கடைசி மேக்புக், 2012 மாடல் 13 அங்குல ப்ரோ. 2016 அக்டோபரோட அதோட விற்பனையும் நின்னுது. இப்போ வர்ற மேக்புக்ல ஃபிளாஷ் போர்டோடயே இருக்கு. எந்த டிஸ்க் மாட்டலாம்ங்கிற கேள்வியே இல்லாம ஆயிடுச்சு.

"என்கிட்ட மேக்கே இல்லையே"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 2012-ல வந்த நெக்ஸஸ் 7 டேப்லெட் கொஞ்ச மாசத்துலயே மந்தமாச்சுன்னு பலரும் புலம்பினாங்க. 2013 ஜூலையில வந்த ஆண்ட்ராய்டு 4.3, சும்மா இருக்கிற நேரத்துல தானாவே டிரிம் ஓட்ட ஆரம்பிச்சது. உங்க பையில இருக்கிற ஃபோன் ராத்திரி சார்ஜ்ல கிடக்கும்போது செய்யற வேலைகள்ல இதுவும் ஒண்ணு.

வீட்டுல பழைய மேக்புக் ஒண்ணுக்கு எஸ்எஸ்டி மாத்தி, புது மேக்ஓஎஸ் ஏத்தியிருந்தா, சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல சாட்டா பகுதியில டிரிம் சப்போர்ட் "யெஸ்"ன்னு இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. இல்லேன்னா முதல்ல ஒரு பேக்கப், அப்புறம் டிரிம்ஃபோர்ஸ். அந்த எச்சரிக்கையைப் படிச்சுட்டே ஒத்துக்கோங்க. இன்னொண்ணையும் ஞாபகம் வச்சுக்கோங்க. டிரிம் ஓடுற டிஸ்க்ல டிலீட் பண்ணின ஃபோட்டோவை மீட்கிறது ஏறக்குறைய நடக்காத காரியம். ஹார்ட் டிஸ்க் காலத்துல டிஸ்க் நாம வேண்டாம்னு சொன்னதைக் கேட்காம வச்சிருந்தது. இப்போ அது கேட்குது.