மரணத்தின் நிழலில் மலர்ந்த வாழ்வு
இமாம் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் வரலாறு தரும் படிப்பினை



மரணத்தை அதிகமாக நினைவுகூருமாறு இஸ்லாம் நமக்குக் கட்டளையிடுகின்றது. ஆனால் இந்நினைவை நம்மில் பலர் தவறாக விளங்கிக்கொண்டுள்ளனர். ஒரு சாரார் மரணம் என்ற பேச்சு எழுந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். மற்றொரு சாரார், மரணத்தை நினைப்பவன் சிரிக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது, நீண்ட காலத் திட்டம் எதனையும் தீட்டக்கூடாது என்று எண்ணுகின்றனர். இவ்விரு எண்ணங்களும் பிழையானவை. மறுமை நாள் வந்துவிட்ட நிலையிலும் ஒருவரின் கையில் ஒரு மரக்கன்று இருந்து, அதனை நட்டுவிட அவருக்கு முடியுமாயின் நட்டுவிடட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கின்றார்கள். அக்கன்று காய்க்கும் வரை காத்திருக்க நேரமில்லை. ஆயினும் நடும் செயல் வீணாகிவிடவில்லை.

இவ்வழிகாட்டலைத் தம் வாழ்வாகவே ஆக்கிக்கொண்ட ஒரு பெரியாரின் வரலாற்றை இங்கு நோக்குவோம். நமது நாட்டின் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ‘புலூகுல் மராம்’ என்ற நூலைத் தந்தவரும், ஸஹீஹுல் புகாரிக்கு ‘பத்ஹுல் பாரீ’ என்ற மாபெரும் விரிவுரையை எழுதியவருமான இமாம் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ (ரஹ்) அவர்களே அப்பெரியார். அவர்களது கல்வியை நாம் அறிவோம். அக்கல்வி எத்தகைய கண்ணீருக்கிடையே வளர்ந்தது என்பதைப் பலர் அறியார்.

அநாதையாக வளர்ந்த சிறுவர்

இமாமவர்கள் ஹிஜ்ரி 773இல், அதாவது கி.பி. 1372இல் எகிப்தில் பிறந்தார்கள். கறுப்பு மரணம் என வரலாறு அழைக்கும் கொள்ளைநோய் கி.பி. 1348இல் கெய்ரோவைச் சூறையாடிச் சென்று கால் நூற்றாண்டுதான் கழிந்திருந்தது. அந்நோய் ஒரேயடியாக நீங்கிவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வந்து உயிர்களைக் கொண்டு சென்றது.

சின்னஞ்சிறு வயதிலேயே தாயை இழந்த இமாமவர்கள், நான்கு வயதளவில் தந்தையையும் இழந்தார்கள். தந்தையின் நண்பரான ஸகிய்யுத்தீன் அல் கர்ரூபீ என்ற பெரு வணிகர் அவர்களைப் பொறுப்பேற்றார். ஒன்பது வயதில் குர்ஆனை மனனம் செய்து முடித்த அச்சிறுவர், பன்னிரண்டாம் வயதில் மக்கா மாநகரில் தராவீஹ் தொழுகையை முன்னின்று நடத்தும் பேற்றைப் பெற்றார். அவரைவிட மூன்று வயது மூத்த சகோதரி ஸித்துர் ரக்ப், எழுதவும் வாசிக்கவும் வல்ல நுண்ணறிவுடையவர். பெற்ற தாய்க்குப் பின் தமக்குத் தாயாக இருந்தவர் என இமாமவர்கள் அவரைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். அச்சகோதரியும் கி.பி. 1396இல் இளம் வயதிலேயே வபாத்தானார்.

கல்வி தேடிய பயணங்களிலும் சோதனைகள் தொடர்ந்தன. ஹிஜ்ரி 806இல் யெமன் நோக்கிய இரண்டாவது பயணத்தின்போது கப்பல் பிளந்து, உடைமைகளும் பணமும் நூல்களும் கடலில் மூழ்கின. அருகிலிருந்த தீவொன்றில் சில நாட்கள் தங்கியிருந்து, மூழ்கியவற்றில் பெரும் பகுதியை மீட்டெடுத்தார்கள். பின்னர் பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

மகிழ்ச்சி நிறைந்த இல்லம்

கி.பி. 1396இல் இமாமவர்கள் உன்ஸ் காத்தூன் என்ற அம்மையாரை மணந்தார்கள். கணவரின் ஊக்கத்தால் அவரும் ஹதீஸ் கலையில் தேர்ச்சி பெற்று, கணவரின் காலத்திலேயே பலருக்கு ஹதீஸ் அறிவிக்கும் தகுதியை அடைந்தார். அவரிடத்தில் ஸஹீஹுல் புகாரி ஓதி முடிக்கப்படும் நாளில் இனிப்புப் பண்டங்களும் பழங்களும் பகிரப்படும். ரமழானுக்குச் சற்று முன் வரும் அந்நாளுக்காகப் பெரியோரும் சிறியோரும் ஆவலோடு திரண்டு வருவர் என மாணவர் இமாம் ஸகாவீ (ரஹ்) பதிவுசெய்துள்ளார்கள். அறிவும் மகிழ்ச்சியும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இல்லம் அது.

அவ்வில்லத்தில் ஐந்து பெண் பிள்ளைகள் பிறந்தனர்: ஸைன் காத்தூன், பர்ஹா, காலியா, ராபிஆ, பாத்திமா. ஹிஜ்ரி 819இல், அதாவது கி.பி. 1416இல் கெய்ரோவில் பரவிய கொள்ளைநோய் காலியாவையும் பாத்திமாவையும் கொண்டு சென்றது. பாத்திமாவுக்கு அப்போது வயது இரண்டோ மூன்றோதான்.

பெற்றோர்களே, ஒரே ஆண்டில் இரண்டு ஜனாஸாக்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் ஒரு தந்தையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அத்தந்தை என்ன செய்தார்? கொள்ளைநோய் பற்றிய ஹதீஸ்களையும் வரலாற்றுச் செய்திகளையும் திரட்டி ஒரு நூலை எழுதத் தொடங்கினார். ‘பத்லுல் மாஊன் பீ பள்லித் தாஊன்’ என்பது அதன் பெயர். கொள்ளைநோயில் மரணிக்கும் முஸ்லிமுக்கு ஷஹீதுடைய நற்கூலி உண்டு என்ற நபிமொழிகள் அந்நூலில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. தம்மைப் போன்று பிள்ளைகளை இழந்த ஆயிரமாயிரம் பெற்றோருக்கு ஆறுதலாக அத்தந்தையின் துயர் நூலுருப் பெற்றது.

அதே காலப்பகுதியில் அவர்களின் நகைச்சுவையும் வற்றிவிடவில்லை. கி.பி. 1418 அளவில் சுல்தான் முஅய்யத் கட்டிய பள்ளிவாசலின் மினாரா ஒன்று சாய்ந்தது. தம் சமகால அறிஞர் அல் ஐனீ (ரஹ்) அவர்களின் பெயரை வைத்து, ‘ஐன்’ எனும் கண்ணேறு பட்டதால்தான் மினாரா சாய்ந்தது என இமாமவர்கள் சிலேடையாகக் கவிதை புனைந்தார்கள். ‘ஹஜர்’ எனும் கல் சரியில்லாமையே காரணம் என்று மறுதரப்பிலிருந்து பதில் கவிதை வந்தது. கெய்ரோ மக்கள் இரண்டையும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தனர்.

மீண்டும் வந்த சோதனை

ஹிஜ்ரி 833, கி.பி. 1430. மீண்டும் ஒரு கடும் கொள்ளைநோய். அது தோன்றிய நாட்களில் கெய்ரோவில் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானோரே மரணித்தனர். மக்கள் மூன்று நாட்கள் நோன்பு நோற்று, பாலைவெளியில் ஒன்றுதிரண்டு கூட்டாகப் பிரார்த்தித்துத் திரும்பினர். அம்மாதம் முடிவதற்குள் நாளாந்த மரணம் ஆயிரத்தைத் தாண்டியது. இதனை நேரில் கண்டு பதிவுசெய்த இமாமவர்கள், இவ்வாறு ஒன்றுதிரள்வதற்கு மார்க்க ஆதாரம் இல்லை என்பதை எடுத்துரைத்தார்கள். 2020ஆம் ஆண்டு கொவிட் பரவலின்போது பள்ளிவாசல்களின் கூட்டுத் தொழுகை நிறுத்தப்பட்ட நாட்களில், உலகெங்கும் பல ஆலிம்கள் இப்பதிவையே எடுத்துக்காட்டினர்.

காற்று கெட்டுப்போவதே நோய்க்குக் காரணம் என்று அக்கால மருத்துவர்கள் கூறினர். நல்ல காற்றுள்ள இடங்களிலும் நோய் வருவதையும், ஒரே வீட்டில் சிலரைப் பிடித்துச் சிலரை விட்டுவிடுவதையும் சுட்டிக்காட்டி இமாமவர்கள் அக்கருத்தை மறுத்தார்கள். அந்நோயின் கிருமி கி.பி. 1894இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அந்த ஆண்டில் மூத்த மகள் ஸைன் காத்தூன் கருவுற்றிருந்த நிலையில் கொள்ளைநோயால் மரணித்தார். மற்ற இரு புதல்வியரான பர்ஹாவும் ராபிஆவும் அதற்கு முன்னரே வபாத்தாகியிருந்தனர். ஐந்து பெண் மக்களையும் தம் கண்முன்னே இழந்த தந்தையானார்கள் இமாமவர்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்நூலை அதே ஆண்டில் நிறைவுசெய்தார்கள். ஸைன் காத்தூன் விட்டுச்சென்ற மகன் யூஸுப், பாட்டனாரின் கல்வி வழியிலேயே சென்று பிற்காலத்தில் ஓர் ஆலிமாக விளங்கினார்.

இருபத்தைந்து ஆண்டு உழைப்பும் ஒரு விருந்தும்

இத்தனை இழப்புகளுக்கும் நடுவே ஒரு பணி மட்டும் இடைவிடாது நடந்துகொண்டிருந்தது. ஹிஜ்ரி 817இல், தம் இரு பெண் மக்களை இழப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் தொடங்கிய ‘பத்ஹுல் பாரீ’தான் அப்பணி. இமாமவர்கள் எழுதியதை மாணவர்கள் படியெடுப்பர். வாரத்தில் ஒரு நாள் கூடி அதனை ஒப்புநோக்குவர். ஐயங்களை எழுப்பி விவாதிப்பர். பிரதம காழி என்ற பதவி வந்தது, போனது, மீண்டும் வந்தது. நோய் வந்தது, போனது. வாராந்த அமர்வின் பணி தொடர்ந்தது. மகளை இழந்த அதே ஹிஜ்ரி 833இல், ஹிராத்திலிருந்து ஆட்சி செய்த ஷாருக் மன்னர் இவ்விரிவுரையைக் கேட்டு எகிப்திய சுல்தானுக்கு மடல் அனுப்பினார். முடிந்திருந்த முதல் பாகங்கள் அவருக்கு அனுப்பிவைக்கப்பட்டன.

ஹிஜ்ரி 842 ரஜப் மாத ஆரம்பத்தில், கி.பி. 1438 டிசம்பரில் அம்மாபெரும் பணி நிறைவெய்தியது. அடுத்த மாதம் கெய்ரோவுக்கு வெளியே திறந்தவெளியொன்றில் இமாமவர்கள் பெரும் விருந்தளித்தார்கள். ஏறத்தாழ ஐந்நூறு தீனார்கள் அதற்குச் செலவாயின. அறிஞர்களும் பிரமுகர்களும் பொதுமக்களும் திரண்டனர். கவிஞர்கள் வாழ்த்துப் பாடினர். பதினொரு வயதுச் சிறுவராக அங்கிருந்த ஸகாவீ (ரஹ்) அவர்கள் அந்நாளின் சிறப்பைப் பின்னாளில் எழுதிவைத்தார்கள்.

ஐந்து புதல்வியரைப் புதைத்த ஒருவர் ஊரையே அழைத்து விருந்து வைக்கின்றார்! இது துயரத்தை மறந்த செயலன்று. அல்லாஹ் எடுத்துக்கொண்டவற்றுக்காகப் பொறுமை காத்தவர், அவன் கொடுத்ததற்காக நன்றி செலுத்திய செயலாகும்.

ஹிஜ்ரி 848இல் இமாமவர்களின் அக்குளிலும் கொள்ளைநோயின் கட்டி தோன்றியது. சில நாட்களில் அது நீங்கிற்று. அதன் பின்னர் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, ஹிஜ்ரி 852 துல்ஹஜ் மாத இறுதியில், கி.பி. 1449இல் வபாத்தானார்கள். சுல்தானும் அவர்களது ஜனாஸாத் தொழுகையில் கலந்துகொண்டார்.

நமக்குரிய பாடம்

பெற்றோர்களே! பிள்ளைகளை இழந்த துயரில் அழுவது ஈமானின் குறைபாடன்று. தம் அருமை மகன் இப்றாஹீமின் மரணத்தில் நபி (ஸல்) அவர்களின் கண்களும் நீர் சொரிந்தன. ஆனால், ஒரு பிள்ளையை இழந்த வீட்டில் எஞ்சியிருக்கும் பிள்ளைகளின் சிரிப்பை அடக்கிவிடாதீர்கள். கத்தமுல் குர்ஆன் நாளாயினும் பரீட்சையில் தேறிய நாளாயினும் ஆகுமான மகிழ்ச்சியை அவர்களோடு சேர்ந்து கொண்டாடுங்கள். இன்பமான நாட்களின் நினைவும் நாம் அவர்களுக்கு விட்டுச்செல்லும் சொத்துத்தான்.

இளைஞர்களே! ‘நாளை இருப்போமோ என்னவோ’ என்ற சொல்லை இருவர் சொல்லலாம். ஒருவர் அதனைச் சொல்லிக் கடமையைக் கைவிடுவார். மற்றவர் அதனைச் சொல்லி இன்றே பணியைத் தொடங்குவார். இமாமவர்கள் இரண்டாமவர். ஆயிரக்கணக்கில் ஜனாஸாக்கள் சென்ற ஊரில் அமர்ந்து, கால் நூற்றாண்டு நீளும் ஒரு பணியை வாரம் வாரமாகச் செய்து முடித்தார்கள். முடிப்போமா என்ற உத்தரவாதம் அவர்களிடம் இருக்கவில்லை. தொடங்கும் பொறுப்பும் தொடரும் பொறுப்பும் மட்டுமே தம்முடையவை, முடிவு அல்லாஹ்வின் கையில் உள்ளது என்ற உறுதி இருந்தது. நீங்கள் கற்க எண்ணிய கல்வி, நட எண்ணிய மரம், மன்னிப்புக் கேட்க எண்ணிய உறவு எதுவாயினும் இன்றே ஆரம்பியுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் வாழ்நாளைப் பயனுள்ளதாகவும், நம் இல்லங்களை மகிழ்ச்சி நிறைந்தவையாகவும், நம் இறுதி முடிவை நல்லதாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.