ரப்பர் விலையும் செமோர்க் கடைகளின் பற்றுக் கணக்கும்

நம் முன்னோர் இந்த மண்ணில் எப்படி உழைத்தார்கள் என்பதை நம் வீடுகளில் நிறையவே பேசியிருக்கிறோம். அந்த உழைப்புக்கு என்ன விலை என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று அவ்வளவாகப் பேசியதில்லை. பொன்விழா காணும் இவ்வேளையில், நம் பிள்ளைகள் அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையிலுள்ள செமோர், ஈயமும் ரப்பரும் வளர்த்த ஊர். சுற்றியிருந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். நம்மவர்களில் பலர் மளிகை, துணி, சாப்பாட்டுக் கடை என்று வியாபாரத்தில் இறங்கினர். தோட்டத்து மக்கள் அரிசியும் பருப்பும் கடனுக்கு வாங்குவார்கள். சம்பளம் போட்டதும் கணக்குத் தீர்ப்பார்கள். ஆக, தொழிலாளியின் சம்பளமும் கடைக்காரரின் முதலும் ரப்பர் விலையை நம்பியே இருந்தன.

அந்த விலையோ சந்தையில் தானாக அமைந்ததல்ல. முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தபோது, பிரிட்டனின் காலனித்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். குழுவின் திட்டம் 1922 நவம்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவரும் எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்று அரசாங்கம் அளவு குறித்தது. 1925இல் இலண்டனில் ஒரு இராத்தல் ரப்பரின் விலை 4 ஷில்லிங்கையும் தாண்டியது. ஆனால் டச்சு ஆட்சியிலிருந்த இந்தோனேசியா திட்டத்தில் சேரவில்லை. இங்கே உற்பத்தியைக் கட்டிவைக்க, அங்கே பெருக்கினார்கள். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. 1929இல் ஒரு இராத்தலுக்கு ஏறக்குறைய 34 காசாக இருந்த ரப்பர், 1932இல் 7 காசு அளவுக்கு விழுந்தது. ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி முதலில் 40 காசாகவும், பிறகு அதற்கும் கீழாகவும் குறைக்கப்பட்டது. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் கட்டணம் பெற்று அரசாங்கம் ஒரு குடியேற்ற நிதியை ஏற்படுத்தியிருந்தது. தமிழர்களைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்த அந்த நிதியே, வேலையற்றுப்போன பல்லாயிரம் பேரைத் திரும்பக் கப்பலேற்றியது. பற்றுக் கணக்கில் பெயருள்ளவர் ஊருக்குப் போய்விட்டால், கடைக்காரர் யாரிடம் கேட்பார்?

1934இல் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகிய நாடுகள் உலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்தன. விலை மெல்ல ஏறியது; கூலி உடனே ஏறவில்லை. 1936இன் இறுதியில் இந்தியாவிலிருந்து வந்து தோட்டங்களைப் பார்வையிட்ட சீனிவாச சாஸ்திரி, பழைய கூலியைத் திரும்பத் தரவேண்டும் என்று பரிந்துரைத்தார். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. ஒப்பந்தம் போட்ட மேசையில் பால்மரம் வெட்டியவருக்கு நாற்காலி இல்லை. அவருக்கு அரிசி கொடுத்தவருக்கும் இல்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வேறொரு சோதனை வந்தது. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். லயத்து மக்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். இந்தத் துண்டாடலை ஆராய அரசாங்கம் பொருளாதார அறிஞர் உங்கு அசீஸைப் பணித்தது. நம் பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய பங்குப் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

அதே உங்கு அசீஸ் 1959இல் இன்னொரு யோசனையையும் முன்வைத்தார். ஹஜ்ஜுக்குப் போக நிலத்தையும் மாட்டையும் விற்று, திரும்பி வந்து வறுமையில் வாடும் கிராமத்து முஸ்லிம்களுக்காக, வட்டி கலவாத ஒரு சேமிப்பு நிறுவனம் வேண்டும் என்றார். 1963இல் அது செயல்படத் தொடங்கியது. இன்று நம் குடும்பங்கள் அறிந்த தாபோங் ஹாஜி அதிலிருந்து வளர்ந்ததே.

எல்லா முடிவும் நன்மையாக அமைந்துவிடவில்லை. 1969 முதல், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கட்டாயமானது. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் குடியுரிமை பெறாதிருந்த பலர் தாயகம் திரும்ப நேர்ந்தது. பத்திரத்தை உரிய காலத்தில் எழுதிப் போட்டவர்களும், போடாதவர்களும் என்று ஒரே குடும்பங்கூடப் பிரிந்தது.

கட்டுப்பாட்டுத் திட்டமும் கூட்டுறவும், குடியேற்ற நிதியும் ஹஜ் சேமிப்பும் மனிதர்கள் கூடி எழுதிய விதிகள்தாம். விதி எழுதும் இடத்தில் யார் இருந்தார்களோ, அவர்களின் தேவையே முதலில் நிறைவேறியது. சம்பந்தனின் கூட்டுறவில் தொழிலாளி பங்குதாரர். 1934 ஒப்பந்தத்தில் அவர் வெறும் கைகள்.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பற்றுப் புத்தகமும் மறைந்து வருகிறது. ஆனால் சேமநிதியும் கூட்டுறவுப் பங்கும் ஹஜ் சேமிப்பும் நம் வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் விதிகளைப் படிப்போம், பொதுக்கூட்ட அழைப்பு வந்தால் போய் உட்காருவோம், கணக்கைக் கேட்போம். நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலேயே இளையவர்கள் அதைப் பழகிக்கொள்ளலாம். இன்ஷா அல்லாஹ், நூற்றாண்டு மலரை எழுதப்போகிறவர்கள் அந்த நாற்காலிகளில் அமர்ந்தவர்களாக இருக்கட்டும்.