மார்கழியும் ஜடராக்கினியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சாரலில் அண்டை ஊர்களாக அமைந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும், ஜீரணத்தைப் பற்றிய ஞானம் ஆலய உற்சவங்களோடும் அடுக்களை நியமங்களோடும் பின்னியே வளர்ந்து வந்திருக்கிறது. அதற்குத் தலையாய சாட்சி மார்கழி மாதம்.

உண்ட அன்னத்தைப் பக்குவம் செய்து உடலோடு உடலாக்கும் சக்தியைச் சரக சம்ஹிதையும், பின்னர் வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹ்ருதயமும் ஜடராக்கினி என்று அழைத்து, அது சமம், விஷமம், தீக்ஷ்ணம், மந்தம் என நால்வகைப்படும் என்று வகுத்தன. ஹேமந்த ருதுவாகிய மார்கழி, தை மாதங்களில் வெளியே பரவும் குளிர் உடலின் உஷ்ணத்தை உள்ளே அடக்கி விடுவதால் பசி வலுக்கிறது என்றும், வலுத்த பசிக்குத் தக்க ஆகாரம் கிடையாவிடில் அந்த அக்கினி உடலின் தாதுக்களையே தகித்துவிடும் என்றும் கண்ட ஆசிரியர்கள், பால், நெய், வெல்லம், புத்தரிசி முதலிய கனத்த ஆகாரங்களையும் எண்ணெய் ஸ்நானத்தையும் அக்காலத்துக்கு விதித்தார்கள்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியின் மார்கழியைக் காண்போம். முப்பது பாசுரங்கள் கொண்ட திருப்பாவையில், நெய்யையும் பாலையும் துறந்து நோன்பைத் தொடங்கும் கன்னியர், இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் ததும்பும் பாற்சோற்றோடு அதை நிறைவு செய்கிறார்கள். அதை நினைந்தே கூடாரவல்லி நாளில் அக்காரவடிசில் நிவேதனமாகிறது. பகற்பத்து உற்சவத்தின் முதல் நாளில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் வேதப்பிரான் பட்டர் திருமாளிகைக்கு எழுந்தருள, பச்சைக் காய்கறிகளைப் பரப்பி வரவேற்று, சுண்டக் காய்ச்சிய திரட்டுப்பாலும் கொண்டைக்கடலையும் வெல்லமும் சேர்ந்த மணிப்பருப்பும் சமர்ப்பிக்கிறார்கள். பின்னர் எட்டு நாள் நடைபெறும் எண்ணெய்க்காப்பு உற்சவத்துக்கென்று 61 வகை மூலிகைகள் சேர்த்து 40 நாள் காய்ச்சப்படும் தைலத்தை, நோய் தீர்க்கும் மருந்தென்று நம்பிப் பக்தர்கள் பிரசாதமாகப் பெற்றுச் செல்கிறார்கள். பாலும் நெய்யும் வெல்லமும், அவற்றோடு தைல ஸ்நானமும் என்ற இம்முறை ருதுசரியை என்னும் பருவகால விதிகளோடு ஒத்து நிற்பதைக் காணும்போது, நம் முன்னோர் தங்கள் தேக அனுபவத்தையே தெய்வத்துக்குரிய உபசாரமாக உயர்த்தினார்கள் என்று கருதத் தோன்றுகிறது.

விருந்தோடு மருந்தும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சித்தர்களின் உறைவிடமாகப் போற்றப்படும் சதுரகிரியும், அனுமன் சுமந்து சென்ற மலையின் ஒரு துண்டு விழுந்த இடமென்று இராஜபாளையத்தார் நம்பும் சஞ்சீவி மலையும் மூலிகைகளுக்குப் பெயர் பெற்றவை. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் என்னும் திரிபலையும், சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் திரிகடுகமும் வீட்டு வைத்தியத்தின் ஆதாரமாயின. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதியோ, நீரைக் காய்ச்சியும் மோரைப் பெருக்கியும் நெய்யை உருக்கியும் உண்ணச் சொல்லி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்தும் விதிக்கிறது.

யோக சாஸ்திரமும் இதே திசையில் நடந்தது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அஷ்டாங்க யோகத்தை விரித்துரைத்தார். ஸ்வாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகை மயூராசனமும் மத்ஸ்யேந்திராசனமும் ஜடராக்கினியை வளர்க்கும் என்று கூறி, வயிற்றில் கால்பங்கை வெறுமையாக விடும் மிதாகாரத்தையும் வற்புறுத்துகிறது. வாக்படரும் அரைப்பங்கு அன்னம், கால்பங்கு நீர், எஞ்சிய கால்பங்கு வாயு சஞ்சாரத்துக்கு என்றே பகுத்தார். வைத்தியனும் யோகியும் இவ்விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இந்த நியமங்களுக்குச் சோதனை பஞ்சாலைகளோடு வந்தது. 1936-இல் தோன்றிய இராஜபாளையம் மில்லும் அதைத் தொடர்ந்த பஞ்சாலைகளும் ஊருக்குச் செல்வம் தந்தன. ஆனால் ஷிப்டு முறை பழகிய இடத்திலெல்லாம் பசித்துப் புசிப்பது போய், சங்கு ஊதும் நேரம் பார்த்துப் புசிப்பது வழக்கமாயிற்று. இரவில் உண்டு பகலில் உறங்கும் தேகத்துக்குப் பழைய நியமங்கள் எளிதில் பொருந்தவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர் மகிழ்ந்தது நியாயமே. அந்த இனிப்பைச் சுவைக்கவும் செரிக்கவும் வல்ல பசியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்த மிதாகாரமும் ருதுசரியையும் அதே அளவு மதிப்புள்ள பிதுரார்ஜிதம். அவற்றை நம் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுப்பது நம் கடமை.